சுவர் வெடிப்பை விசாரிப்பது எப்படி?

அன்புள்ள ஐயா,

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மூன்று காம்பராக்களின் பின்சுவர் வெடித்திருக்கிறது. பழைய சுவர், அப்படித்தான் என்கிறார் தோட்டத்தை நடத்தும் துரை. மலை இறங்குகிறது என்கிறார்கள் பெரியவர்கள். எல்லாரையும் விசாரித்தும் தெளியவில்லை. இனி யாரைக் கேட்பது?

வாசகர், கொஸ்லந்தை, இலங்கை

அன்புள்ள நண்பருக்கு,

இனி ஆளைக் கேட்டுப் பயனில்லை. துரை சொல்வது சரியென்றால் எது கண்ணில் பட வேண்டும், பெரியவர்கள் சொல்வது சரியென்றால் எது பட வேண்டும் என்று முதலில் கொப்பியில் எழுதுங்கள். அளந்த பிறகு எழுதினால் மனம் பிடித்த பக்கம் சாய்ந்துவிடும்.

சுவரின் பழுதென்றால் வெடிப்பு பெரும்பாலும் சுவரோடு நிற்கும். மலை நகர்ந்தால் தரையிலும் இஸ்தோப்பிலும் (முன் திண்ணையிலும்) ஓடும். லயத்துக்கு மேலே தேயிலைக்குள் நிலம் வில்லாகப் பிளந்து, கீழ்ப்பக்கம் படிபோல் இறங்கியிருக்கும்.

வெடிப்பின் இருபுறமும் ஒவ்வொரு ஆணி அடித்து, இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து தேதியோடு எழுதுங்கள். ஆணி பூச்சைத் தாண்டிக் கல்லில் இறங்க வேண்டும். பூச்சு தானாகவே உப்பிக் கழரும், மலைமேல் வீண்பழி விழும். வெடிப்பு முடியும் நுனியிலும் பென்சில் கோடு போடுங்கள். தினமும் காலையில் ஒரே ஆள் அளக்கட்டும். சீமெந்து பூச ஆள் வந்தால், ஆணி உள்ள இடத்தை மட்டும் விடச் சொல்லுங்கள். பூசிவிட்டால் சாட்சி போய்விடும்.

மழைக்கு, பக்கம் நேரான டின் போதும். கூரைக்கும் மரத்துக்கும் தள்ளி வைத்து, காலை 8.30க்கு அளந்து கொட்டுங்கள். சோடாப் போத்தலின் அடி வளைவு என்பதால் கணக்குத் தப்பும். மழை அளவையும் ஆணி இடைவெளியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், இரண்டும் சேர்ந்து ஏறுகிறதா என்று தெரியும். மலையிலிருந்து பீலியில் வரும் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலும் நின்றாலும் அதையும் குறியுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மழை 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான். 2014 அக்டோபர் 29 காலை உங்கள் பக்கத்து மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்களே புதைந்தன. நிலத்தில் பிளவு கண்டால் கொப்பி நிறையக் காத்திருக்காமல் அன்றே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

கொப்பியின் பிரதியை கிராம உத்தியோகத்தரிடம் கொடுங்கள். மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும். கொடுத்த தேதியை அதில் எழுதி, அவர் கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.