அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்வது என்றால் என்ன? கூட்டம் போட்டுப் பேசினால் போதாதா?

ஆய்வில் கண்டதை, கேட்பவர் தானே சோதித்துப் பார்க்கும்படி கையில் கொடுப்பதுதான் அது. தஞ்சை, திருவாரூர் பக்கம் நெல்லுக்குப் பயன்படும் இலை வண்ண அட்டையைப் பாருங்கள்: வெளிர் பச்சையிலிருந்து அடர் பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட அட்டை அது. "யூரியாவை அளவாகப் போடுங்கள்" என்று மேடையில் சொன்னால், எது அளவு என்ற கேள்வி அப்படியே நிற்கும். அட்டை அதைக் கண்ணால் அளக்க வைக்கிறது. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, 10 குத்துகளில் (சேர்த்து நட்ட நாற்றுக் கொத்துகளில்), முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு வரம்பு 3ஆம் எண் பட்டை, மற்ற ரகங்களுக்குப் பொதுவாக 4. பாதிக்கு மேற்பட்ட இலைகள் அதைவிட வெளுத்திருந்தால் மட்டும் யூரியா. அட்டைமேல் உங்கள் நிழல் விழட்டும். நேர் வெயிலில் நிறம் ஏமாற்றும். பத்துக் குத்தைப் பார்த்து வயலை அறிவதும், பானைச் சோற்றில் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பதும் ஒரே கணக்குதான்.

சொன்னதைச் செய்யாதவருக்கு அறிவியல் புரியவில்லை என்று நினைப்பது தவறு: வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையில் தண்ணீர் வராத வாரத்தில் அவர் உரம் போட முடியாது, அதைக் கேட்டறிவதும் இந்த வேலையில் பாதி.