தாத்தா ஆயா வீட்டுக்கு ஈஸ்டர் பயணம்: 4,980 ரேண்டுக்குள் ஒரு வாரம்

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் இருக்கிறோம். கணவர், நான், 7 வயதில் மகன், 4 வயதில் மகள். மாமாவும் மாமியும் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார்கள். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். அரசு சமூகப் பாதுகாப்பு அமைப்பான சாஸா தரும் முதியோர் பென்ஷனைத் தவிர வேறு வருமானம் இல்லை. கோடை முடியும் நேரத்தில், ஈஸ்டர் விடுமுறைக்கு ஒரு வாரம் அங்கே போவோம். பிள்ளைகள் தாத்தா ஆயாவோடு இருப்பது ஆண்டுக்கு அந்த ஒரு வாரம்தான்.

போன ஆண்டு 18,500 ரேண்ட் செலவானது. பெட்ரோல், டோல் 3,200, உஷாகா நீர்விளையாட்டுப் பூங்கா 2,400, கேட்வே மாலில் 3,900, வெளிச்சாப்பாடு 4,300, துணிமணி, பரிசு 2,700, மீதி 2,000 எங்கே போனதென்றே தெரியவில்லை. கிரெடிட் கார்டில் இன்னும் 11,000 பாக்கி. வட்டி 20 சதவீதம், மாதம் 550 கட்டுகிறோம். கார்டுக்குக் கட்டுவதற்கு முன் மாதம் 2,000 மிஞ்சும். கையில் 2,500 இருக்கிறது. பயணத்துக்கு முன் இன்னும் இரண்டு சம்பளம் வரும். வங்கி ஆப்பில் 8,000 ரேண்ட் கடன் தயார் என்று காட்டுகிறது. எடுக்கலாமா?

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. போன முறை நாங்கள் திரும்பிய பிறகு மாமி இரண்டு மாதம் ஃபியூனரல் பாலிசிக்கு (இறுதிச் சடங்குச் செலவுக்கான காப்பீடு) பணம் கட்டவில்லையாம். மாதம் 210 ரேண்ட். பிள்ளைகளுக்குச் செலவழித்துவிட்டாராம். நாத்தனார் சொல்லித்தான் தெரியும். இந்த ஆண்டு போகாமலே இருந்துவிடலாமா?

பதில்: போங்கள். கடன் வாங்காமல் போகலாம். ஆனால் பயணக் கணக்கைத் தொடும் முன் மாமியின் பாலிசியைக் கவனியுங்கள். உங்கள் கார்டு பாக்கியை விட எனக்குக் கவலை தருவது அதுதான். 11,000 ரேண்ட் கடனை நீங்கள் ஓராண்டில் அடைத்துவிடலாம். எழுபது வயதுக்கு மேல் ரத்தான ஃபியூனரல் பாலிசியைப் பழைய விலைக்கு மீண்டும் வாங்குவது அரிது.

தவணை தவறினால் பாலிசி உடனே ரத்தாகாது, சில வாரம் சலுகைக் காலம் உண்டு. அதுவும் கடந்தால் ரத்தாகும். பிறகு பணம் கட்டி உயிர்ப்பித்தாலும் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கக்கூடும். இயற்கை மரணத்துக்கு அது ஆறு மாதம் வரை இருக்கலாம். அந்த ஆறு மாதத்துக்குள் ஏதாவது நேர்ந்தால், இத்தனை ஆண்டு கட்டியதற்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். இந்த ஆபத்து பெரும்பாலும் குடும்பத்தில் யாருக்கும் தெரிவதில்லை, ஏனென்றால் பெரியவர்கள் வாய் திறப்பதில்லை.

இந்த வாரமே மாமியோடு சேர்ந்து நிறுவனத்துக்கு ஃபோன் செய்யுங்கள். பாலிசி அவர் பெயரில் இருப்பதால் அவர் ஒப்புதல் தராமல் உங்களிடம் விவரம் சொல்ல மாட்டார்கள். பாலிசி எண்ணையும் அடையாள அட்டையையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாலிசி நடப்பில் இருக்கிறதா, எந்த மாதம் வரை பணம் சேர்ந்திருக்கிறது, நடுவில் ரத்தாகி உயிர்ப்பிக்கப்பட்டதா, அப்படியானால் காத்திருப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது, மாமாவும் அதில் அடக்கமா என்று கேளுங்கள். பதிலை எஸ்எம்எஸ்ஸிலோ மின்னஞ்சலிலோ எழுத்தாக வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை வாசலுக்கு வரும் ஏஜென்ட் நீட்டும் புதுப் பாலிசி எதிலும் மாமி கையெழுத்துப் போட வேண்டாம். அடுத்து, தவணையை உங்கள் கணவரின் கணக்கிலிருந்து மாதாமாதம் தானே கழியும் டெபிட் ஆர்டராக மாற்றுங்கள். பாலிசி மாமி பெயரிலேயே இருக்கும், பணம் கட்டுபவர் மட்டும் மாறுவார். தேதியைச் சம்பளம் வரும் நாளுக்கு மறுநாளாக வையுங்கள். முன்னதாக வைத்தால் பணமில்லாமல் திரும்பி, அதற்கொரு கட்டணமும் விழும்.

இனி 8,000 ரேண்ட் கடன். சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சத் தொடக்கக் கட்டணத்தைப் போட்டால் வாட் வரியோடு 995 ரேண்ட் வருகிறது. அது கடனோடு சேர்ந்துவிடும். மாதச் சேவைக் கட்டணம் வாட்டோடு 69. வட்டி 24 சதவீதம், தவணை 12 மாதம் என்று வைத்தால், நீங்கள் திருப்பிக் கட்டுவது சுமார் 11,000. கடன் காப்புறுதியையும் சேர்த்தால் மாதம் இன்னும் 40 ரேண்ட் அளவுக்கு ஏறலாம். ஒரு வார விடுமுறைக்காக மூவாயிரத்துக்கு மேல் கூடுதல், அதுவும் கார்டு பாக்கி அப்படியே நிற்கும்போது. வேண்டாம். கார்டிலிருந்து ஏடிஎம்மில் பணம் எடுப்பதும் வேண்டாம். அதற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

உங்களிடம் உண்மையில் எவ்வளவு இருக்கிறது? மாதம் மிஞ்சும் 2,000-இல் கார்டுக்கு 550, மாமியின் பாலிசிக்கு 210 போனால் 1,240. இரண்டு மாதத்துக்கு 2,480. கையிலுள்ள 2,500-ஐச் சேர்த்தால் 4,980 ரேண்ட். போன ஆண்டுச் செலவில் கால் பங்குக்குச் சற்று மேல். மலைக்க வேண்டாம். உங்கள் பட்டியலை மறுபடி பாருங்கள்: தாத்தா ஆயாவிடம் போய்ச் சேர ஆன செலவு 3,200 மட்டும். மற்ற பதினையாயிரமும் அவர்கள் வீட்டுக்கு வெளியே செலவானது.

காரில் போவதுதான் கட்டுப்படி. 4 வயது மகளுக்கும் விமானத்தில் தனி இருக்கை வேண்டும். ஈஸ்டர் நேரத்தில் ஓர் இருக்கை ஒரு வழிக்கு 1,400 என்று வைத்தாலும் நால்வருக்குப் போகவர 11,200. காரில் போகவர சுமார் 1,200 கிலோமீட்டர், ஊருக்குள் 150. நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் காரானால் 108 லிட்டர். லிட்டர் 22 ரேண்ட் என்று வைத்தால் 2,400-க்குள் முடியும். டர்பனுக்குப் போகும் என்3 நெடுஞ்சாலையில் டி ஹூக், வில்கே, டுகேலா, மூய் ரிவர், மரியன்ஹில் என ஐந்து டோல்களுக்குப் போகவர 750 ஒதுக்குங்கள். ஆக 3,150.

பெட்ரோல் விலை ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறும். ஈஸ்டர் ஏப்ரல் தொடக்கத்தில் வந்தால் அந்த மாற்றம் உங்கள் பயண வாரத்திலேயே விழும். ஏறப்போகிறது என்று செய்தி வந்தால் செவ்வாய்க்கிழமையே டாங்கை நிரப்புங்கள். திரும்பும்போது டர்பனில் நிரப்புங்கள், கடற்கரைப் பகுதியில் உள்நாட்டை விட விலை குறைவு. டோலை மிச்சம் பிடிக்க, டோல் இல்லாத ஆர்103 சாலையில் இறங்க வேண்டாம். குழியில் ஒரு டயர் போனால் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு போகும். பெரிய வியாழன் பிற்பகலில் கிளம்பாதீர்கள். வான் ரீனன் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் பெட்ரோல்தான். பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் டர்பனுக்கும் இடையே சாலை விரிவாக்க வேலையும் நடக்கிறது. பள்ளி அதற்கு முன்பே விட்டிருந்தால் செவ்வாய் அல்லது புதன் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பலாம். புளிச்சோறு, அவித்த முட்டை, ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு என்று வழிச்சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் கடையில் நால்வர் ஒரு வேளை சாப்பிடும் காசு ஊரில் ஒரு நாள் உலாவுக்கு ஆகும்.

மீதி 1,830. இதில் முதல் செலவு மாமி வீட்டு மின்சாரம். கூடுதலாக நான்கு பேர் குளித்தால் கீஸர் தினமும் இன்னொரு முறை சூடாக வேண்டும். 150 லிட்டர் கீஸருக்கு அது ஏறக்குறைய 7 யூனிட். ஒரு வாரத்துக்கு 49 யூனிட். யூனிட் மூன்றரை ரேண்ட் என்றால் 170-க்கு மேல். அடுப்பு, மின்விசிறி, துவைக்கும் மெஷின் எல்லாம் சேர 350 வைத்துக்கொள்ளுங்கள். பென்ஷனில் வாழும் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை, ஆனால் அவர்கள் ஒருபோதும் கேட்க மாட்டார்கள். மீட்டர் எண்ணை வாங்கி, நீங்கள் போய்ச் சேரும் முன்பே ஆப்பில் ப்ரீபெய்ட் மின்சாரம் வாங்கி, மீட்டரில் அடிக்க வேண்டிய இருபது இலக்க டோக்கனை மாமாவுக்கு அனுப்பிவிடுங்கள். பணமாகக் கொடுத்தால் அது பேரப்பிள்ளைகளின் ஐஸ்கிரீமாகத் திரும்பி வரும்.

மளிகைக்குப் புதுப் பணம் தேவையில்லை. மிட்ராண்டில் இருந்திருந்தாலும் அந்த வாரம் சாப்பிட்டிருப்பீர்கள் அல்லவா? அந்த வார மளிகைப் பணத்தை அப்படியே சாட்ஸ்வொர்த் சமையலறைக்கு மாற்றுங்கள். முதல் நாளே மாமியோடு கடைக்குப் போய் அரிசி, எண்ணெய், பருப்பு, பால் வாங்கிப் போடுங்கள். சாட்ஸ்வொர்த்திலுள்ள பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு மாமாவோடு மகனை அனுப்புங்கள். கீரை, டபுள் பீன்ஸ், மடும்பி (சேப்பங்கிழங்கு) வாங்கக் கற்றுக்கொள்வதும் அவனுக்கு ஓர் உலாதான். பெரிய வெள்ளிக்கு மாரியம்மன் விரதம் இருக்கும் வீடானால் இறைச்சிச் செலவும் இராது.

700 ரேண்டை அவசரத்துக்கென்று தனியே வையுங்கள், டயருக்கோ மருந்துக்கோ. தேவைப்படாவிட்டால் கார்டுக்குக் கட்டுங்கள். உலாவுக்கு மிஞ்சுவது 780.

அதில் உஷாகா அடங்காது. ஆறு பேருக்கு நுழைவுக் கட்டணமே ஆயிரத்தைத் தாண்டும். தாத்தா ஆயா சறுக்கில் ஏறப்போவதில்லை, வெயிலில் பையைக் காத்துக்கொண்டு உட்காருவதற்கு அவர்களுக்கும் சீட்டு வாங்குவது நியாயமில்லை. என்றைக்காவது போனால் பெரியவர்கள் கட்டணமில்லாத வில்லேஜ் வாக் பகுதியில் நிழலாக உட்காரலாம். இந்த ஆண்டு பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வாசலில் போய் மறுத்தால் தாத்தாவின் கை சட்டைப்பைக்குள் போகும்.

டர்பனில் நல்ல இடங்கள் பல இலவசம். 1849-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நிழல், பெஞ்சு, குளத்துப் பறவைகள் உண்டு. மூட்டுவலி உள்ளவர்களுக்கு அதைவிட வசதியான இடம் குறைவு. பாயிண்டிலிருந்து ப்ளூ லகூன் வரை நீளும் கடற்கரை நடைபாதை காலை ஆறரை மணிக்கு அருமையாக இருக்கும். கோடைக் கடைசியிலும் டர்பனின் புழுக்கம் பத்து மணிக்கு மேல் பெரியவர்களைச் சோர்வடையச் செய்யும், ஒன்பதரைக்குள் வீடு திரும்புங்கள். பெருமழை பெய்த மறுநாள் கடலில் இறங்குவதற்கு முன் நகராட்சி அறிவிப்பைப் பாருங்கள், கழிவுநீர் கலந்து சில கடற்கரைகளை மூடிவிடுவார்கள். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலின் பெரிய வெள்ளித் திருவிழாவுக்குச் சீக்கிரமே போய்விட்டால் கூட்டத்துக்கு முன் திரும்பலாம். பூ, பால், பார்க்கிங் என்று 150 போதும். ஒரு மாலை எல்லோருக்கும் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு), வீட்டுக்கு வாங்கி வந்து சாப்பிட்டால் 400-க்குள் முடிக்கலாம். மீதியை ஆயாவிடம் எல்லோர் முன்னிலும் கொடுங்கள்: “பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், இனிப்பு எல்லாம் இதிலிருந்துதான் மாமி, பர்ஸ் உங்களிடமே இருக்கட்டும்.” கொடுக்கும் கை அவருடையதாகவே இருக்கும், பென்ஷனும் குறையாது.

பென்ஷன் பற்றி ஒரு எச்சரிக்கை. இனி மாதாமாதம் அவர்கள் வங்கிக் கணக்கில் பணம் போடுவது என்று முடிவெடுத்தால், அதைச் சாஸாவிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள். முதியோர் பென்ஷனுக்கு வருமான வரம்பு உண்டு. தெரிவிக்காத வருமானம் கணக்கில் தென்பட்டால் மறுபரிசீலனைக்கு அழைப்பார்கள், அதுவரை பணம் தாமதமாகலாம்.

திரும்பி வந்த பிறகு, மே மாதத்திலிருந்து பாலிசி போக 1,790 மிஞ்சும். அதில் 1,000 கார்டுக்கு. மாதம் 550 கட்டினால் 11,000 அடைய இரண்டு ஆண்டுக்கு மேலாகும், வட்டி மட்டும் சுமார் 2,500. ஆயிரம் கட்டினால் ஓராண்டில் முடியும், வட்டி 1,250 அளவில் நிற்கும். அந்தக் கார்டில் இடையில் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. இன்னொரு 750-ஐ 32 நாள் நோட்டீஸ் கணக்கில் போடுங்கள். பிப்ரவரி வரை பத்து மாதத்தில் 7,500 சேரும். டிசம்பர் கொண்டாட்டத்திலும் ஜனவரிப் பள்ளிச் செலவிலும் கை வைக்க முடியாது என்பதுதான் அந்தக் கணக்கின் பலம். அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது: 32 நாள் முன்பே சொல்லாமல் நினைத்த நாளில் எடுக்க முடியாது. ஈஸ்டர் மார்ச் 22-இலிருந்து ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் விழலாம். நாட்காட்டியைப் பார்த்து, கிளம்பும் தேதிக்கு 40 நாள் முன்பே நோட்டீஸ் கொடுங்கள்.

கார்டு அடைந்ததும், ஈஸ்டரை விட்டு மே மாத நடுவில் தாத்தா ஆயாவை மிட்ராண்டுக்கு வரவழைத்துப் பாருங்கள். வார நடுவில், கூட்டமில்லாத நாளில் இரண்டு பேருக்கு விமானச் சீட்டு, நால்வரும் ஈஸ்டருக்குப் பறப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கே அமையலாம். எட்டு மணி நேரப் பஸ் இன்னும் மலிவு, ஆனால் கால் வீக்கமோ சர்க்கரையோ உள்ளவர்களை அதில் ஏற்ற வேண்டாம். கிளினிக்கில் மாத்திரை வாங்கும் தேதியைக் கேட்டு, அதற்கு மறுநாள் சீட்டுப் போடுங்கள். சாஸா கார்டை மிட்ராண்டிலும் எந்த ஏடிஎம்மிலும் கடையிலும் பயன்படுத்தலாம், பென்ஷன் நாளுக்காக அவர்கள் அவசரமாகத் திரும்ப வேண்டியதில்லை.