விட்டுக்கொடுப்பதில் எதை விடுகிறோம்?

கேள்வி: ஆங்கிலத்தில் வினையோடு 'ஆஃப்', 'டவுன்' போன்ற சிறு சொல் சேர்ந்து வேறு அர்த்தம் தரும் ஃப்ரேசல் வெர்புகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தும் நிற்கவில்லை. 'புட்' என்றால் வை. 'புட் ஆஃப்' எப்படி ஒத்திப்போடுவது ஆகும்?
- கல்லூரி மாணவி, தேனி

பதில்: நீங்கள் எழுதிய 'ஒத்திப்போடு' என்ற சொல்லிலேயே ஒரு 'போடு' இருக்கிறதே, கவனித்தீர்களா? எதைக் கீழே போடுகிறோம்? 'விட்டுக்கொடு' என்பதில் விடுவதும் கொடுப்பதும் தனித்தனியாக இல்லை. 'பார்த்துக்கொள்' என்றால் வெறுமனே பார்ப்பதில்லை, கவனிப்பது. அதுதான் 'லுக் ஆஃப்டர்'. தமிழில் இவற்றை யாரும் நமக்குப் பிரித்துச் சொல்லித் தரவில்லை. பேச்சோடு வந்தன. ஆங்கிலத்திலும் முழுச் சொல்லாகவே பிடியுங்கள், ஒரு வாக்கியத்தோடு.

எனக்கும் அடிபட்ட கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். விண்ணப்பம் 'டர்ன்ட் டவுன்' என்றார் மேலாளர். நானும் சிரித்தபடி, "தேங்க்யூ சார்" என்றேன். நிராகரித்துவிட்டார்கள் என்பது வீட்டில் அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது!

சரி, மனப்பாடத்துக்குச் சிக்காத ஒரு விஷயம். 'புட் ஆஃப் தி மீட்டிங்', 'புட் தி மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' தவறு. 'லுக் ஆஃப்டர்' போன்ற சில பிரியாது. 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்றே வரும். அகராதி எடுத்துக்காட்டுகளில் முதலில் இதைப் பாருங்கள், அர்த்தம் அப்புறம்.