எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். வேலையை விட்டுவிடலாமா?

விடலாம். ஆனால் இந்த வாரம் வேண்டாம்.

பல ஆண்டுகள் உழைத்தும் உங்களை விட்டுவிட்டு ஜூனியரை மேலே ஏற்றிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெயர் பேசப்பட்ட அறையில் என்ன சொன்னார்கள் என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது. அது தெரியாமல் எடுக்கிற முடிவு வெறும் கோபம்தான். நானும் பதவி உயர்வுப் பட்டியலில் விடுபட்டும் இருக்கிறேன், பிற்பாடு அந்தப் பட்டியலைப் போடும் கூட்டங்களில் உட்கார்ந்தும் இருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதல் சில நாட்கள் எப்படியாவது ஓட வேண்டும். அறிவிப்பு மின்னஞ்சல் வந்திருக்கும். அதன் கீழே ஒவ்வொருவராக 'வாழ்த்துகள்' என்று பதில் போட்டிருப்பார்கள். உங்களுடையது வந்ததா என்று பார்ப்பதற்கென்றே நாலு பேர் காத்திருப்பார்கள். ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். முடிந்தால் நேரில் போய்க் கை கொடுங்கள். முடிவெடுத்தவர் அவர் அல்ல. ஆறுதல் சொல்ல வருபவர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். 'உங்களுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும்' என்று தோளில் கை வைப்பவரிடம் கொட்டியதெல்லாம் சாயங்காலத்துக்குள் மேலாளர் காதுக்குப் போய்விடும். புலம்பாதீர்கள் என்று சொல்லவில்லை. நன்றாகப் புலம்புங்கள், ஆனால் அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம்.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். எல்லோருடைய உழைப்பையும் தராசில் வைத்து நிறுப்பார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்த கூட்டங்களில் இடங்கள் குறைவு, பெயர்கள் அதிகம். ஒவ்வொரு மேலாளரும் தன் ஆளைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசுவார். முடித்ததும் யாராவது ஒருவர் கேட்பார்: "இவருடன் வேறு யாராவது வேலை செய்திருக்கிறீர்களா?" அடுத்த குழுவிலிருந்து ஒரு குரல், "ஆமாம், போன முறை அந்தச் சிக்கலைத் தீர்த்துக் கொடுத்தது அவர்தான்" என்று சொல்லிவிட்டால் போதும், அந்தப் பெயர் தேறிவிடும். யாரும் வாய் திறக்காவிட்டால், "சரி, அடுத்த முறை பார்க்கலாம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பழுத்த உழைப்பாளிகள் அந்த மௌனத்தில் அடிபட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எதிராக அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் முகத்துக்கு நேரே யாரும் சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு. உங்களை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பினால் அங்கே உட்கார ஆள் இல்லை! விடுப்பில் இருக்கும்போதும் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றால், பெருமைப்படுவதோடு கொஞ்சம் கவலையும் படுங்கள். உங்கள் வேலையை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்குங்கள். கற்றுக்கொடுத்தால் நம் மதிப்புப் போய்விடும் என்று பயந்தே பலர் அதே நாற்காலியில் தேய்கிறார்கள்.

இருக்கும் வேலையில் கெட்டிக்காரர் என்பதற்காகவே ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால், கடைசியில் தன் திறமைக்கு எட்டாத பதவியில் போய் நிற்பார் என்று 1969-இல் கல்வியாளர் லாரன்ஸ் பீட்டர் நையாண்டியாக எழுதினார். நையாண்டி என்று தள்ளிவிட முடியவில்லை. அமெரிக்க நிறுவனங்களின் விற்பனையாளர்களை ஆராய்ந்து 2019-இல் பொருளாதார அறிஞர்கள் சிலர் வெளியிட்ட ஆய்வில், அதிகம் விற்றவர்களுக்கே மேலாளர் பதவி எளிதாகக் கிடைத்தது தெரியவந்தது. ஆனால் மேலாளரான பின் அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை ஒப்பீட்டளவில் மோசமாக இருந்தது. ஆக, கிடைத்தவர் உங்களைவிடக் கெட்டிக்காரர் என்றோ, கிடைக்காத நீங்கள் மட்டம் என்றோ பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது.

மேலாளரிடம் பேசும்போது 'எனக்கு ஏன் தரவில்லை' என்று கேட்காதீர்கள். முடிந்துபோன முடிவுக்கு நியாயம் கற்பிக்கவே அவர் முயல்வார். 'அடுத்த முறை நீங்கள் என் பெயரைச் சொல்லும்போது அங்கே என்ன தடை சொல்வார்கள்?' என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது என் மேலாளர், "உங்கள் நேரம் வரும்" என்றார். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். நான் எழுந்திருக்கவில்லை, அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டேன். மூடியை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் செய்வது எனக்கு மட்டும்தான் தெரிகிறது. நான் ஒருவன் சொன்னால் அங்கே எடுபடவில்லை."

கசந்தது. ஆனால் கையில் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்தது. மற்றக் குழுக்களோடு சேர்ந்து செய்யும் வேலைகளைக் கேட்டு வாங்க ஆரம்பித்தேன். உடனே பலிக்கவில்லை, பின்னால் பலித்தது. நீங்களும் பேசிய அன்றே, பேசியவற்றை நாலு வரியில் அவருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள். குறிப்பாக ஒன்றும் சொல்லாமல் 'பொறுங்கள்' என்றே இரண்டாம் முறையும் சொல்கிறார் என்றால், அவரிடம் உங்களுக்கான திட்டம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ரெஸ்யூமேயைத் தூசி தட்ட வேண்டிய நேரம் அதுதான். வெளியில் கிடைத்த வேலையைக் காட்டி மிரட்டிப் பதவி வாங்குவது எனக்குப் பிடிப்பதில்லை. போவதாக இருந்தால் போய்விடுங்கள்.

'என் வேலையே பேசட்டும், வாய்விட்டுக் கேட்க மாட்டேன்' என்பது உங்கள் கட்சியா? 2018-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றபோது டோனா ஸ்ட்ரிக்லாண்ட் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியராகத்தான் இருந்தார். ஏன் இன்னும் முழுப் பேராசிரியர் ஆகவில்லை என்று கேட்டதற்கு, அந்தப் பதவிக்குத் தான் விண்ணப்பிக்கவே இல்லை என்றார். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. உங்களுக்கு மனக்குறை இருக்கிறது, ஆகவே நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இரவில் தூக்கம் வராவிட்டால் நினைத்துக்கொள்ள இன்னொரு செய்தி. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவத்தைப் பற்றிச் சமூகவியலாளர் சாமுவேல் ஸ்டௌஃபர் குழுவினரின் ஆய்வு 1949-இல் வெளியானது. பதவி உயர்வு மளமளவென்று கிடைத்த விமானப் பிரிவில்தான் பதவி உயர்வு முறையைப் பற்றி அதிக மனத்தாங்கல் இருந்தது. அரிதாகவே கிடைத்த ராணுவக் காவல் பிரிவில் அவ்வளவு இல்லை. பக்கத்தில் இருப்பவர் ஏறும்போதுதான் நாம் நிற்பது நமக்கே உறைக்கிறது.

நான் சொன்னதெல்லாம் ஓரளவு நேர்மையான இடங்களுக்குத்தான் பொருந்தும். மகப்பேறு விடுப்பில் போனவர், குறிப்பிட்ட பிரிவைச் சேர்ந்தவர் என்று பார்த்துத் தொடர்ந்து ஒதுக்குகிறார்கள் என்றால் அதற்கு இந்த அறிவுரை போதாது. அப்ரைசல் தாள்களையும் தேதிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு முறைப்படி புகார் கொடுங்கள், வழக்கறிஞரையும் பாருங்கள்.

கடைசியாக, அந்த ஜூனியரே உங்களுக்கு மேலாளராக வருகிறாரா? அப்படியானால் அவர் உங்களிடம் வருவதற்கு முன் நீங்களே போய்ப் பேசிவிடுங்கள். உங்களிடம் எப்படி வேலை சொல்வது என்று அவரும் தவித்துக்கொண்டுதான் இருப்பார். 'எனக்கும் அந்தப் பதவியில் விருப்பம் இருந்தது, அதை உங்கள்மேல் காட்ட மாட்டேன்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் இருவருக்கும் மூச்சு வரும். கொஞ்ச காலம் பார்த்தும் ஒத்துப்போக முடியவில்லை என்றால் வேறு குழுவுக்கு மாற்றம் கேளுங்கள். இப்படிப்பட்ட நிலையில் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.