சின்சில்லா இனப்பெருக்கம்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் சின்சில்லாக்கள் (அடர்ந்த மென்மையான ரோமமுள்ள, எலி போன்ற கொறிக்கும் செல்லப்பிராணி) இரண்டும் ஆண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒரே கூண்டில் வளர்த்தேன். இன்று காலை பார்த்தால் மூன்று குட்டிகள்! எப்படி?

பதில்: பலருக்கும் இப்படித்தான் நடக்கிறது. சின்சில்லாவில் பெண்ணுக்கும் சிறுநீர்த் துவாரம் கூம்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தவுடன் ஆண்குறி என்றே தோன்றும். அதனால் கூம்பை விடுங்கள். கூம்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். பெண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கும். ஆணுக்கு நடுவே தோல் நன்றாகத் தெரியும். பெண்ணின் யோனி அந்தக் குறுகிய இடத்தில்தான் குறுக்குக் கோடாக இருக்கிறது. சினைப்பருவத்திலும் ஈனும்போதும் தவிர மற்ற நாட்களில் அதைச் சவ்வு மூடியிருப்பதால் கண்ணில் படாது. விதைப்பையைத் தேடியும் பயனில்லை. ஆணுக்கு உண்மையான விதைப்பை கிடையாது, விதைகள் கவட்டுப் பக்கம் உள்ளேயே இருக்கும்.

சரி, முதல் வேலையாக ஆணை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். ஈன்ற கையோடு தாய் மறுபடி சினையாகிவிடும். அடுத்தடுத்த சினை அதன் உடம்பை உருக்கிவிடும்.

கேள்வி: சினைக்காலம் எத்தனை நாள்?

பதில்: சுமார் 111 நாள். எலி மூன்று வாரத்தில் ஈன்றுவிடும், ஆனால் அந்தக் குட்டிக்குக் கண்ணும் திறந்திருக்காது, ரோமமும் இருக்காது. சின்சில்லாக் குட்டி முழு ரோமத்தோடும் பல்லோடும் கண் திறந்தே பிறக்கும். பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு 2 குட்டிகள். சினையா என்று வயிற்றை அமுக்கிப் பார்க்கவே வேண்டாம். வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வைத்தால் போதும். பிரசவ வலி தொடங்கி நாலு மணி நேரம் தாண்டியும் குட்டி வரவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: வெல்வெட் நிற (முதுகு கருமையாக இருக்கும் வகை) ஜோடியை இணைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மரபணு இரு பக்கமிருந்தும் சேர்ந்தால் கரு பிழைக்காது. வெள்ளைக்கு வெள்ளையும் அப்படித்தான்.

கேள்வி: என் ஆண் சின்சில்லா அடிக்கடி குறியை நக்கிக்கொண்டே இருக்கிறது.

பதில்: முன்தோலுக்குள் ரோமம் வளையமாகச் சுற்றி இறுக்கியிருக்கலாம். ரத்த ஓட்டம் தடைபட்டால் குறி வீங்கி உள்ளே போகாது. இழுத்துப் பார்க்காமல் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். குணமான பிறகும் அவ்வப்போது சோதித்துப் பார்ப்பது நல்லது.

கேள்வி: அக்கா, முதலில் கேட்டவன்தான். ஆணைப் பிரித்துவிட்டேன். மூன்று குட்டிகளுக்கும் பால் போதுமா?

பதில்: தாய்க்கு மூன்று ஜோடி காம்புகள் உண்டு, பொதுவாகப் போதும். ஆனால் தினமும் ஒவ்வொரு குட்டியையும் எடை போடுங்கள். ஏதாவது ஒன்று குறைந்துகொண்டே போனால் அதற்குப் பால் கிடைக்கவில்லை என்று அர்த்தம். தாய்க்கு ஒரு வாரம், பத்து நாள் தூசிக் குளியல் (ரோமம் சுத்தமாக நுண்ணிய தூளில் புரள்வது) வேண்டாம். அப்புறம், ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் மறக்கும். அப்போது மூன்றையும் தூக்கி, கூம்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து, ஆண் குட்டிகளைத் தனியே விடுங்கள்.