பூங்காவுக்கும் ஒரு சர்வே எண் உண்டு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தருமபுரி கடைவீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூங்கா. அறுபது சென்ட்டுக்கு மேல் இருக்காது. வாசலில் உள்ள திறப்புவிழாக் கல்லில் '19' மட்டும் தெரிகிறது; மீதி இரண்டு எண் பெயின்ட்டுக்குள் போய்விட்டது. அந்தக் கல் வருவதற்கு முன்பே அங்கே பம்பரம் விட்டதாகத் தெருப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இதன் சரித்திரத்தை எங்கிருந்து தேடுவது?

பதில்: கல்லைப் படிப்பது எளிது, அதை முதலில் முடித்துவிடுங்கள். இருட்டிய பிறகு போய், டார்ச்சை நேருக்கு நேர் அடிக்காமல் கல்லை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டெழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். நாலைந்து பூச்சு பெயின்ட் இருந்தாலும் எண் எழும்பி வரும். விளக்கை இடப்பக்கம், வலப்பக்கம், மேல்பக்கம் என்று மாற்றிப் பிடித்துத் தனித்தனியாகப் படம் எடுங்கள். ஒரே கோணத்தில் பார்த்தால் 3-ம் 8-ம் ஒன்றுபோலவே இருக்கும். கம்பி பிரஷ்ஷும் ஆசிட்டும் கிட்டவே வேண்டாம். பெயின்ட்டோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும்.

ஆனால் கல் சொல்வது ஒரு விழாவின் தேதியை மட்டும்தான். சுற்றுச்சுவர் எழுப்பினாலும் கல் வைப்பார்கள், ஊஞ்சலும் சறுக்கும் போட்டாலும் கல் வைப்பார்கள். ஆகவே கல்லும் பெரியவர்களும் ஒருசேர உண்மை சொல்லலாம். நிலத்தின் கதை சர்வே எண்ணில் இருக்கிறது.

நகர எல்லைக்குள் இருக்கும் இடத்துக்கு நகர அளவைப் பதிவேடு உண்டு. வார்டு, பிளாக், நகர அளவை எண் மூன்றும் தெரிந்தால் வருவாய்த்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதில் பழைய சர்வே எண்ணும் இருக்கும். உங்களுக்கு வேண்டிய சாவி அதுதான். அந்த எண்ணை வைத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் (நிலவரி நிர்ணயித்தபோது எழுதிய ஏடு) புலப்படத்தையும் (அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடம்) கேளுங்கள். குறிப்புக் கலத்தில் ஒரே ஒரு சொல் இருக்கும்: குட்டை, களம், மந்தை, சாவடி, தோப்பு. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை அலைச்சலும். 'குட்டை' என்றிருந்தால், ஐப்பசி மழையில் பூங்காவின் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் நிற்பதற்கும், அங்கே நடைபாதைக் கல் அடிக்கடி உள்வாங்குவதற்கும் காரணம் தெரிந்துவிடும்.

இரண்டு இடத்தில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, பசலி ஆண்டு, அதாவது வருவாய்த்துறைக் கணக்கின் ஆண்டு. பழைய கணக்கில் பசலி 1374 என்றிருந்தால் அதோடு 590 கூட்ட வேண்டும். ஆனால் பசலி ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30 வரை ஓடுவது. ஆக 1964 ஜூலை முதல் 1965 ஜூன் வரை. வெறுமனே 1964 என்று எழுதினால் பாதி ஆண்டு தவறிவிடும். இன்னொன்று, பரப்பளவு. பழைய ஏட்டில் 0.62 ஏக்கர், நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு, அதாவது யு.டி.ஆர்.-க்குப் பிந்தைய ஏட்டில் 0.25 ஹெக்டேர். இரண்டும் ஒன்றுதான். ஒரு ஹெக்டேருக்கு 2.47 ஏக்கர் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகும் ஓரிரு சென்ட்டுக்கு மேல் குறைந்தால் மட்டும், எந்தப் பக்கத்து எல்லை நகர்ந்தது என்று புலப்படத்தை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது நகராட்சி. பூங்கா அமைக்க மன்றம் போட்ட தீர்மானம் தீர்மானப் புத்தகத்திலும், வேலை நடந்ததற்கான அளவு எம்-புக் என்ற அளவுப் புத்தகத்திலும் ஏறியிருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, நகர அளவை எண்ணைக் குறிப்பிட்டு, "இந்த இடம் தொடர்பான மன்றத் தீர்மானங்களின் நகல், சொத்துப் பதிவேட்டில் இதற்குரிய பக்கத்தின் நகல்" என்று கேளுங்கள். "ஏன் அமைத்தீர்கள், யார் அமைத்தது" என்றெல்லாம் கேட்டால் "தகவல் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதே வழி. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. எந்த ஆண்டு என்றே தெரியாவிட்டால் நகலுக்குப் பதில் ஏட்டை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

எந்த அலுவலகம் என்பதையும் யோசிக்க வேண்டும். தருமபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டம். அதற்கு முந்தைய மாவட்ட அளவிலான கோப்புகளைத் தருமபுரியில் தேடிக் கிடைக்காவிட்டால் சேலம் ஆவண அறையில் கேட்க வேண்டும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இன்னும் ஒரு படி அதிகம்: 2004 பிப்ரவரி 9-க்கு முன்பு தருமபுரி, 1965-க்கு முன்பு சேலம். தவறான அலுவலகத்துக்கு மனு போய்விட்டாலும், தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 6(3)-இன்படி உரிய அலுவலகத்துக்கு 5 நாளில் அனுப்பிவைப்பது அவர்கள் பொறுப்பு. இதை மனுவிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நிலவரைபடம் வாங்கலாமா என்று யோசித்தால், சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 படத்தில் தருமபுரி நகரம் 57 எல்/4 தாளில் வரும். அதில் உங்கள் பூங்கா ஒரு மில்லிமீட்டர்தான். ஏரியும் ஓடையும் எங்கே இருந்தன என்று பார்க்க மட்டும் அது உதவும்.

கேள்வி: பூங்காவில் உள்ள தூங்குமூஞ்சி மரத்துக்கு இருநூறு வயது என்கிறார்கள். சுற்றளவை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: இருநூறு இருக்காது. தூங்குமூஞ்சி அமெரிக்க வெப்பமண்டலத்து மரம்; இந்தியாவுக்கு வந்ததே 19-ஆம் நூற்றாண்டில்தான். வேகமாகப் பெருக்கும் மரம் வேறு. கிணற்றடியில் நின்றால் ஐம்பது வருடத்திலேயே இரண்டு பேர் கட்டிப்பிடிக்க முடியாத அளவுக்கு வந்துவிடும். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடா சுற்றி அளவெடுத்து, தேதியோடு எழுதி வையுங்கள். அது இன்றைய அளவு, வயது அல்ல. வயதுக்குப் பழைய புகைப்படம்தான் சாட்சி: பக்கத்து ஸ்டுடியோக்கள், கல்யாண ஆல்பங்கள், பள்ளிக் குழுப்படங்கள்.

கேள்வி: தாமஸ் மன்றோ தருமபுரியில் தோட்டம் வைத்திருந்தாராமே. எங்கள் பூங்கா அதுதான் என்று பலகை வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். 1792-இல் பாராமகால், அதாவது தருமபுரி, கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய அன்றைய பகுதி, கிழக்கிந்தியக் கும்பெனி கைக்கு வந்ததும், கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கீழ் உதவியாளராக வந்த மன்றோ (பின்னாளில் சென்னை ஆளுநர்) 1799 வரை இப்பகுதியில் இருந்தார். தருமபுரியில் குடியிருந்தார், தோட்டமும் போட்டார். அந்தத் தோட்டம் இன்றைய எந்த சர்வே எண் என்று காட்டும் ஆவணம் கையில் இல்லாமல் பலகை வைத்தால், நாளை அதையே ஆதாரமாக யாராவது எழுதுவார்கள். பிறகு அதைத் திருத்தவே முடியாது.

கேள்வி: கிருஷ்ணகிரியில் எங்கள் மனைப்பிரிவின் பூங்கா இடத்தில் கடை கட்ட அளக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இன்றே மனைப்பிரிவு வரைபடத்தின் சான்றிட்ட நகலை நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதி எண்ணோடு ஆண்டும் அதிலேயே இருக்கும். பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கு ஒதுக்கித் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். 1975-க்குப் பிந்தையவை பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும். பத்திரம் பதிவாகாமல் விட்டுப்போயிருந்தால்தான் பழைய உரிமையாளரின் வாரிசுகள் விற்கத் துணிகிறார்கள். அப்படி இருந்தாலும் கலங்க வேண்டாம். ஒப்புதல் பெற்ற வரைபடமே வலுவான ஆதாரம். பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று, பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வரைபட நகலோடு ஆணையருக்கும் ஆட்சியருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் மனு அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். அஸ்திவாரம் தோண்டும் முன்பே மனு போய்ச் சேர வேண்டும்.