தீட்சைக்குப் பணம் கேட்பவரிடம் போக வேண்டாம்

விக்கா தீட்சைக்குப் பணம் கேட்டு, தனியாக வரவும் சொல்கிறார் ஒருவர், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் அனுப்பாதீர்கள். விக்கா என்பது சூனியக் கலையையும் இயற்கை வழிபாட்டையும் சேர்த்த மேற்கத்திய சமயம்; ஜெரால்ட் கார்ட்னர் வழிவந்த அதன் பிரிவில் தீட்சைக்குக் கட்டணம் வாங்குவதில்லை என்பது உறுதியான மரபு. பதினாறு வயதான உங்களைத் தனியாக வரச் சொல்வது அதைவிடப் பெரிய அபாயம். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள்.

முன்பு ஒரு குழு உங்களை மறுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் உங்கள் வயதுதான். 18 நிறையாதவர்களைப் பல குழுக்கள் சேர்ப்பதில்லை. அதில் அவமானம் எதுவும் இல்லை.

இனி எந்தக் குழுவை அணுகினாலும் ஒரே கேள்வி போதும்: "என் அம்மாவும் உடன் வரலாமா?" தயங்கினால் விலகிவிடுங்கள்.

அதுவரை தனியாகவே கற்கலாம். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை, சுமார் இருபத்தொன்பதரை நாள், தினமும் நிலவைப் பார்த்து நான்கு வரி எழுதுங்கள். மந்திரங்களை மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். அக்டோபர் 31 சாம்ஹைன், டிசம்பரில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் நாளில் யூல் என விக்காவின் எட்டுப் பண்டிகைகளும் வெளியே மரமும் வெயிலும் மாறுவதைக் கவனிக்கும் பயிற்சியே.

வரலாறும் தெரிந்திருக்கட்டும். 1954இல் கார்ட்னர் விக்காவைத் தொன்மையான சமயத்தின் எச்சம் என்று எழுதினார். ரொனால்ட் ஹட்டன் போன்ற வரலாற்றாசிரியர்கள் இருபதாம் நூற்றாண்டில் உருவானது என்கிறார்கள். அதனால் இதன் அழகு குறைந்துவிடவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

மெழுகுவர்த்தியை எரியவிட்டுத் தூங்காதீர்கள். சடங்குக் குறிப்பில் இருக்கிறது என்பதற்காக எந்த மூலிகையையும் உட்கொள்ளாதீர்கள்.